பிரவுன் ஜம்பலாயா வீட்ல பண்றது எப்படி? (தக்காளி சண்டை உள்ளே இருக்கு, பாத்து வாங்க)

காவேரிக்கரை கார்த்தி:
மக்களே வணக்கம். வேலை மாத்தி அமெரிக்கால லூசியானா மாநிலத்து பேட்டன் ரூஜ் வந்திருக்கேன். இங்க வார இறுதின்னா சர்ச் வாசல், ஸ்கூல் கிரவுண்டுன்னு எங்கயாவது பெரிய இரும்பு அண்டா வெச்சு, துடுப்புக் கட்டையால கிண்டி, ஜம்பலாயாங்கற ஒரே சட்டிச் சோத்த பொட்டலம் போட்டு வித்து நிதி சேக்கறாங்க. சோறு நல்ல பழுப்பு கலர், ஒண்ணோட ஒண்ணு ஒட்டல, சிக்கன், புகை போட்ட சாசேஜ், சொல்லப்போனா மசாலா வாசனையே பெருசா இல்ல, ஆனா கைய எடுக்க முடியல. அதே ருசிக்காக கடைல பெட்டி மிக்ஸ் வாங்கிப் பாத்தேன், உப்பு தான் தெரியுது. யூடியூப்ல பாதிப் பேர் தக்காளி டின்ன கவுக்கறான், மீதிப் பேர் தக்காளி போட்டா அது ஜம்பலாயாவே இல்லங்கறான். எனக்குத் தெரிய வேண்டியது: தக்காளி உண்டா இல்லையா, அந்த பழுப்பு எங்கருந்து வருது, எந்த அரிசி, எவ்ளோ தண்ணி. வீட்ல இருக்கறது எலக்ட்ரிக் காயில் அடுப்பு, ஊர்லருந்து தூக்கிட்டு வந்த இரும்புச் சட்டி ஒண்ணு இருக்கு.

நெல்லைக் குசும்பன்:
இதுக்கு எதுக்குல இழை. பிரியாணில கறிக்குப் பதிலா சாசேஜ், புதினாவுக்குப் பதிலா செலரி. முடிஞ்சுது.

கரண்டிக்காரி:
//பிரியாணில கறிக்குப் பதிலா சாசேஜ்// தம்பி, இந்த நெனப்போட பண்ணா பிரியாணியும் வராது ஜம்பலாயாவும் வராது. பிரியாணில ருசி மசாலாலயும் தம்முலயும் இருக்கு. இதுல ருசி மொத்தமும் சட்டியோட அடில ஒட்டிக்கிட்டிருக்கு, அத சுரண்டி எடுக்கறது தான் சமையலே.

நான் லூசியானாவோட லஃபயெட்ல ரொம்ப வருஷம் இருந்துட்டு இப்ப ஹூஸ்டன்ல இருக்கேன். கார்த்தி தம்பி, உங்க முதல் கேள்விக்கு பதில்: நீங்க சாப்பிட்டது பழுப்பு ஜம்பலாயா, கேஜன் வகைன்னு சொல்வாங்க, அதுல தக்காளி கிடையாது. தக்காளி போட்டு சிவப்பா வர்றது நியூ ஆர்லியன்ஸ் பக்கத்து கிரியோல் வகை. ரெண்டும் லூசியானா தான், ரெண்டும் நல்லாருக்கும், ஆனா ஒண்ணுல ஒண்ண கலந்தா ரெண்டும் கெட்டானா நிக்கும். பேட்டன் ரூஜ்லருந்து கொஞ்ச தூரம் தெக்கால போனா கான்சாலஸ்னு ஊர், ஏசென்ஷன் பாரிஷ்ல (பாரிஷ்னா நம்ம மாவட்டம் மாதிரி) இருக்கு, உலக ஜம்பலாயா தலைநகரம்னு பட்டம் போட்டுக்கிட்டவங்க, 1968லருந்து திருவிழா நடத்தி போட்டி வெக்கறாங்க, அதுல விறகடுப்பு, கருப்பு இரும்பு அண்டா, சிக்கன் ஜம்பலாயா. நீங்க சர்ச் வாசல்ல பாத்த ஸ்டைல் அந்த வட்டாரத்துது தான்.

இப்ப செய்முறை. ஆறு பேருக்கு சொல்றேன், கப்புன்னா 240 மில்லி கப்பு. எலும்போட சிக்கன் தொடைக்கறி 1 கிலோ, ஆன்டூயி சாசேஜ் (புகை போட்ட பன்னி சாசேஜ்) அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி, பெரிய வெங்காயம் 3, செலரி 2 தண்டு, பச்சைக் குடைமிளகாய் 1, பூண்டு 6 பல், அரிசி 3 கப். கயேன் மிளகாய்த்தூள் 1 டீஸ்பூன், மிளகுத்தூள் 1 டீஸ்பூன், தைம்ங்கற மூலிகை இலை கொஞ்சம், பே இலை 2, சிக்கன் ஸ்டாக் (சிக்கன் எலும்பு வேக வெச்ச சாறு). அவ்ளோதான். மஞ்சத்தூள், கரம் மசாலா, இஞ்சி எதுவும் பக்கத்துல கூட வரக்கூடாது.

இரும்புச் சட்டில ரெண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு, சாசேஜ வட்டமா நறுக்கிப் போட்டு, அதோட கொழுப்பு உருகி ஓரம் கருஞ்சிவப்பு ஆனதும் எடுத்து வெச்சிடுங்க. அந்தக் கொழுப்புலயே சிக்கன ஒரே அடுக்கா பரப்பி வெச்சுட்டு கைய கட்டிக்கிட்டு நில்லுங்க, நமக்கு கரண்டி கையில இருந்தா கிண்டாம இருக்க முடியாது, இங்க அது தான் பெரிய எதிரி. அடில ஒட்டும், ஒட்டட்டும், அதுவா விட்டு வர்றப்போ தான் திருப்பணும். ரெண்டு பக்கமும் நல்லா பழுத்ததும் ஒரு கரண்டி ஸ்டாக் ஊத்தி மரக்கரண்டியால அடிய சுரண்டுங்க, அந்தத் தண்ணி வத்தி மறுபடி ஒட்டட்டும், மறுபடி ஊத்தி சுரண்டுங்க. ரெண்டு மூணு வாட்டி இப்படிப் பண்ணா சிக்கன் மேலயே கலர் ஏறிடும். அப்புறம் சிக்கன எடுத்துட்டு வெங்காயம் மட்டும். மிதமான தீல 20, 25 நிமிஷம். கண்ணாடி மாதிரி ஆனா போதும்னு விட்றாதீங்க, நல்ல பழுப்பு வரணும், வெங்காயம் விடற தண்ணியே அடில ஒட்டினத கழுவி எடுத்துக்கும். அதுக்கப்புறம் தான் செலரி, குடைமிளகாய், கடைசியா பூண்டு.

எல்லாத்தையும் திரும்பப் போட்டு, ஸ்டாக், தூள் எல்லாம் சேத்து ஒரு 15 நிமிஷம் கொதிக்க விட்டு ருசி பாருங்க. அந்தக் குழம்பு உப்பும் காரமும் கொஞ்சம் தூக்கலா இருக்கணும், அரிசி அவ்வளவயும் இழுத்துக்கும். இந்த இடத்துல ருசி சரியில்லன்னா அப்புறம் எந்த சாமி வந்தாலும் சரி பண்ண முடியாது. அரிசி போட்டு கொதி வந்து, தண்ணி மட்டம் இறங்கி அரிசி தலை காட்டினதும் இறுக்கி மூடி, இருக்கறதுலயே சின்ன தீல 25 நிமிஷம். அடுப்ப அணைச்சு அடிலருந்து மேலாப்புல ஒரே ஒரு வாட்டி புரட்டி விட்டு, மூடி போட்டு இன்னும் 10 நிமிஷம். வெங்காயத்தாள் தூவி சாப்பிடுங்க.

குப்பைமேடு விஞ்ஞானி:
அக்கா சொன்ன "கைய கட்டிக்கிட்டு நில்லுங்க"வுக்குப் பின்னாடி கெமிஸ்ட்ரி இருக்கு. கறில இருக்கற அமினோ அமிலமும் சர்க்கரையும் சூட்டுல சேந்து பழுப்பாகி நூத்துக்கணக்குல வாசனைப் பொருள உண்டாக்கும், 1912ல மயார்ங்கற பிரெஞ்சுக்காரர் இத எழுதி வெச்சதால மயார் வினைன்னு பேரு. இது நல்ல வேகத்துல நடக்க சுமாரா 140 டிகிரி செல்சியஸ் வேணும். சட்டில தண்ணி நிக்கற வரைக்கும் சூடு 100ஐ தாண்டாது. அதனால 1 கிலோ சிக்கன ஒரே நேரத்துல கொட்டினா அது தண்ணி விட்டு, அந்தத் தண்ணிலயே வெந்து சாம்பக் கலர்ல உக்காந்திருக்கும். ரெண்டு மூணு தவணையா போடுங்க. ஃப்ரிட்ஜ்லருந்து எடுத்த சிக்கன டிஷ்யூல ஒத்தி ஈரம் போக்கிட்டுப் போடுங்க. நான்ஸ்டிக் வேண்டாம், அடில ஒட்டலன்னா சுரண்ட என்ன இருக்கு?

காவேரிக்கரை கார்த்தி:
கரண்டிக்காரி அக்கா கோடி நன்றி, இத பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜ்ல ஒட்டப்போறேன். அரிசி எதுன்னு சொல்லவே இல்லியே? எங்கிட்ட சோனா மசூரியும் பாஸ்மதியும் தான் இருக்கு. தண்ணி அளவும் விட்டுட்டீங்க.

கரண்டிக்காரி:
அட ஆமா. சோனா மசூரி வேண்டாம், குழைஞ்சிடும். பாஸ்மதி வேகும், ஆனா அதோட வாசனை சாசேஜ் புகையோட சண்டை போடும். இங்க நிறைய பேர் நீட்டு அரிசில புழுங்கல் வகைய தான் எடுக்கறாங்க, கடைல பார்பாயில்டுன்னு போட்டிருக்கும். புழுங்கலுக்கு 1 கப்புக்கு 1¾லருந்து 2 கப் ஸ்டாக், சிக்கனும் காயும் விட்ட தண்ணிய கணக்குல எடுத்தா 3 கப்புக்கு 5½ கப் சரியா இருக்கும். பச்சரிசி நீட்டுன்னா 3 கப்புக்கு 4½, 5 கப் தாண்டாதீங்க.

தஞ்சாவூர் மாப்ள:
புழுங்கல் சரியான முடிவு. நெல்லோடயே ஊற வெச்சு ஆவில அவிக்கறப்போ உள்ள இருக்கற மாவுச்சத்து இறுகிடும், அதனால தான் கிண்டினாலும் உடையாது, அண்டாவுல ஐநூறு பேருக்குப் பண்றவனுக்கு அது தான் பாதுகாப்பு. லூசியானாவும் நெல்லு விளையற ஊரு தான், தென்மேற்குல க்ரௌலின்னு ஒரு ஊர்ல 1937லருந்து அரிசித் திருவிழா நடக்குது. வயல்ல நெல் அறுத்ததும் அதே வயல்ல தண்ணி கட்டி க்ராஃபிஷ் (பெரிய இறால் மாதிரி இருக்கற நன்னீர் ஜீவன்) வளக்கறாங்க. ஒருக்கா அந்தப் பக்கம் கார்ல போனப்போ ரெண்டு பக்கமும் வரப்பும் தண்ணியுமா பாத்துட்டு வண்டிய ஓரங்கட்டி நின்னேன், பொண்டாட்டி திட்டினதுக்கப்புறம் தான் ஏறினேன்.

பிரெஞ்சுக்குவார்ட்டர் பிரபு:
நியூ ஆர்லியன்ஸ்லருந்து ஒரு ஆட்சேபணை. கேஜன்னா ஒரிஜினல், கிரியோல்னா கலப்படம்ங்கற தொனி இந்த இழைல வருது, அத ஒத்துக்க முடியாது. துறைமுகப்பட்டணம், தக்காளி கிடைச்சுது, இறால் கிடைச்சுது, போட்டாங்க. எங்க வீட்ல சிவப்பு தான். தக்காளிய வெங்காயத்தோட சுண்ட வதக்கிட்டு, இறால கடைசி 5 நிமிஷத்துல போட்டா பழுப்ப விட ஒரு படி மேல. முன்னாடியே போட்டா இறால் ரப்பர் தான்.

கரண்டிக்காரி:
பிரபு, கலப்படம்னு யாரும் சொல்லல, நீங்களா சட்டைய போட்டுக்கிட்டா நாங்க என்ன பண்றது. கார்த்தி கேட்டது பழுப்பு. அதுல தக்காளி விழுந்தா அதோட தண்ணி பழுக்கறதக் கெடுக்கும், புளிப்பு கறி ருசிய அமுக்கும். உங்க சிவப்புக்கு தனி இழை போடுங்க, நானே வந்து லைக் போடறேன்.

நெல்லைக் குசும்பன்:
சண்ட சூடு பிடிக்கு. பாப்கார்ன் எடுத்தாச்சு.

பழங்கணக்கு:
கொஞ்சம் வரலாறு. கேஜன் மக்கள் கனடாவுல இப்ப நோவா ஸ்கோஷியான்னு சொல்ற பகுதில இருந்த பிரெஞ்சுக்காரங்க, அகேடியன்கள். 1755ல பிரிட்டிஷ்காரன் ஊர்லருந்து அடிச்சு விரட்டி கப்பல்ல ஏத்தினான். எங்கெங்கயோ அலைஞ்சு கொஞ்சம் கொஞ்சமா லூசியானாவோட சதுப்புக்காட்டுப் பக்கமும் புல்வெளிப் பக்கமும் குடியேறினாங்க. கையில இருந்தது பன்னி, கோழி, வேட்டைக்கறி, ஒரு இரும்புச் சட்டி. ஒரே சட்டிச் சமையல் அங்கருந்து தான் பழகுது.

ஆனா அவங்க வர்றதுக்கு முன்னாடியே அங்க நெல்லு இருந்துச்சு, அத மறந்துட்டுப் பேசறோம். 1719ல ஆப்பிரிக்காலருந்து அடிமைகள ஏத்தி வந்த முதல் கப்பல்களோட கேப்டன்களுக்கு விதை நெல்லும் வாங்கு, நெல் பயிர் பண்ணத் தெரிஞ்ச ஆளுங்களயும் பிடிச்சுட்டு வான்னு உத்தரவு இருந்துச்சு. மேற்கு ஆப்பிரிக்காவோட ஜொல்லோஃப் சோறும் ஒரே சட்டில கறிச்சாறுலயே அரிசி வேக வெக்கறது தான், கைப்பக்குவம் யார்கிட்டருந்து வந்துச்சுன்னு நீங்களே யோசிச்சுக்கங்க. சாசேஜ்ல ஜெர்மன்காரனுக்கும் பங்கு உண்டு, மிசிசிப்பி ஓரமா 1720கள்ல குடியேறின ஜெர்மன் விவசாயிங்க இருந்த வட்டாரத்துல தான் இன்னிக்கு லாப்ளேஸ் ஊர் இருக்கு, ஆன்டூயி சாசேஜ் தலைநகரம்னு அதுக்கு பேரு.

பிரெஞ்சுக்குவார்ட்டர் பிரபு:
இது நல்ல பதிவு. தக்காளி விஷயத்துல மட்டும் நான் இறங்கி வர்றதா இல்ல.

கோவை கொங்குநாட்டான்:
நான் கோயமுத்தூருங்க. ஆன்டூயி இங்க எங்கயும் கிடைக்காதுங்க. கோவா சோரிஸ் ஒரு கடைல இருக்கு, அத போடலாமுங்களா? செலரியும் எல்லா நாளும் வராதுங்க.

கரண்டிக்காரி:
கோவா சோரிஸ்ல வினிகரும் மசாலாவும் தூக்கலா இருக்கும், அது தனி ருசி, இதுல வேண்டாங்க. ஆன்டூயில முக்கியம் பன்னிக்கறியும் புகையும், மரப்புகைல ரொம்ப நேரம் தொங்க விட்டு எடுப்பாங்க. ஸ்மோக்டுன்னு போட்ட எந்த பன்னி சாசேஜும் ஓகே, போலந்து கீல்பாசா சாசேஜ் கிடைச்சா இன்னும் கிட்ட வரும். இல்லாட்டி புகை போட்ட பேக்கன் கொஞ்சம் முதல்ல உருக்கிட்டு சாதா சாசேஜ் சேருங்க. செலரி இல்லன்னா வெங்காயத்தயும் குடைமிளகாயயும் கூட்டிக்கலாம், வாசனை வேணும்னு ஓமவல்லிய நறுக்கிப் போட்டு வெக்காதீங்க. இன்னொண்ணு, நம்ம பிரிஞ்சி இலை வேற, இவங்க பே இலை வேற. நம்மளோடது நீளவாக்குல மூணு நரம்பு ஓடும், பட்ட வாசனை அடிக்கும், அதப் போட்டா வீட்ல எல்லாரும் "குஸ்காவா?"ன்னு தான் கேப்பாங்க. அரிசிக்கு செல்லா பாஸ்மதி வாங்குங்க, அது புழுங்கல் தான், சாதா பாஸ்மதி அளவுக்கு மணக்காது.

மதீனா மகள்:
பன்னி சாப்பிடாதவங்களுக்கு வழி இருக்கா அக்கா?

கரண்டிக்காரி:
தாராளமா. ஹலால் கடைல புகை போட்ட பீஃப் சாசேஜ் இல்லன்னா டர்க்கி சாசேஜ் கிடைக்கும். டர்க்கில கொழுப்பு கம்மி, அதனால சிக்கன் தோல முதல்ல மெதுவா உருக்கி அந்தக் கொழுப்புல ஆரம்பிங்க. புகை பத்தலன்னா ஸ்மோக்டு பாப்ரிகா (புகை போட்ட மிளகாய்த்தூள்) அரை டீஸ்பூன். டாசோன்னு ஒண்ணு சொல்வாங்க, அது பன்னி தோள்கறில பண்றது, நீங்க அத விட்டுடுங்க.

சைவச்சாப்பாடு சங்கர்:
காளான் போட்டுப் பண்ணலாமா?

நெல்லைக் குசும்பன்:
பண்ணலாம். பேர தக்காளி இல்லாத காளான் சாதம்னு வெச்சுக்கிட்டா யாரும் கேஸ் போட மாட்டாங்க.

குப்பைமேடு விஞ்ஞானி:
கிண்டல விடுங்க சங்கர். காளானும் நல்லா பழுக்கும், முதல்ல எண்ணெயே இல்லாம வதக்கி தண்ணிய முழுசா விரட்டிட்டு அப்புறம் எண்ணெய் விடுங்க. வெங்காயத்த இன்னும் ஒரு 10 நிமிஷம் கூட பழுக்க விடுங்க, ஸ்மோக்டு பாப்ரிகா, காளான் ஊறின தண்ணிய ஸ்டாக்கா வெச்சுக்கங்க. கறி ருசி வராது, நல்ல சாப்பாடு வரும்.

அடுப்படி அவசரம்:
இவ்ளோ நேரம் யாருக்கு இருக்கு? பிரஷர் பாட்ல எல்லாத்தையும் போட்டு ஒரு பட்டன் அமுக்கினா ஆகாதா? இல்ல கடைல கிச்சன் பொக்கேன்னு ஒரு கருப்பு பாட்டில் இருக்காம், கலருக்கு அத ஊத்தினா?

கரண்டிக்காரி:
கிச்சன் பொக்கே லூசியானாலயே நிறைய பேர் ஊத்தறாங்க, பெரிய அண்டால கலர் சீரா வர்றதுக்கு. தப்பில்ல, ஆனா அது கலர் மட்டும் தான் குடுக்கும், ருசி அடிலருந்து தான் வரணும். அதுக்குப் பதிலா எண்ணெய்ல ஒரு ஸ்பூன் சர்க்கரைய கருஞ்சிவப்பா உருக்கிட்டு கறிய போடறவங்களும் உண்டு, எனக்கு அது பிடிக்கும். பிரஷர் பாட்ல எலும்பு சிக்கனும் நீட்டு அரிசியும் ஒரே நேரத்துல வேகாது, ஒண்ணு குழையும் இன்னொண்ணு நிக்கும். உங்களுக்கு ரைஸ் குக்கர் தான் சரி. சிரிக்காதீங்க, கேஜன் வீடுகள்ல ரைஸ் குக்கர் ஜம்பலாயாவுக்குன்னே ஒரு கூட்டம் இருக்கு. வாணலில எல்லாத்தையும் பழுக்க வதக்கிட்டு, சுரண்டின சாறோட குக்கருக்கு மாத்தி அரிசியப் போட்டு ஆன் பண்ணா அது வேலைய அது பாத்துக்கும்.

காவேரிக்கரை கார்த்தி:
அவசர உதவி!! இப்ப அடுப்புல இருக்கு. வெங்காயம் வரைக்கும் சூப்பரா வந்துச்சு, வீடே மணக்குது. ஆனா இந்த காயில் அடுப்பு சிம்ல வெச்சாலும் நடுவுல மட்டும் கொதிக்குது, ஓரத்துல அசையவே இல்ல. மூடிட்டா நடு அடிபிடிக்கும் போல இருக்கே?

குப்பைமேடு விஞ்ஞானி:
ஓவன 350 ஃபாரன்ஹீட்ல போடுங்க, அதாவது 175 செல்சியஸ். அரிசி ஒரு கொதி வந்ததும் மேல ஃபாயில் போட்டு இறுக்கி மூடி சட்டியோட உள்ள தள்ளுங்க, 30 நிமிஷம். எல்லா பக்கமும் ஒரே சூடு. சட்டி கைப்பிடில மரம், பிளாஸ்டிக் இல்லியே?

காவேரிக்கரை கார்த்தி:
முழு இரும்பு தான் ப்ரோ. தள்ளியாச்சு. நடுவுல திறந்து பாக்கலாமா?

கரண்டிக்காரி:
கூடாது!

பிரெஞ்சுக்குவார்ட்டர் பிரபு:
இதுல மட்டும் அக்காவோட ஒத்துப்போறேன். திறக்காதீங்க பாஸ்.

காவேரிக்கரை கார்த்தி:
வெளில எடுத்து புரட்டிட்டேன். அரிசி உதிரியா இருக்கு. அடில மட்டும் ஒரு ஏடு பிடிச்சிருக்கு, கரியா இல்ல, அடர் பழுப்பு, கசக்கல. விட்றவா சுரண்டவா? அப்புறம் நாளைக்கு ஆபீஸ் கொண்டுபோக எடுத்து வெக்கலாமா?

தஞ்சாவூர் மாப்ள:
கசக்கலன்னா சுரண்டிக் கலந்து விடுங்க, அதுக்கு வீட்ல சண்டையே நடக்கும்.

குப்பைமேடு விஞ்ஞானி:
எடுத்து வெக்கறதுன்னா சட்டிலயே ராத்திரி பூரா வெளில விட்றாதீங்க, ஆறிப்போய் வெளில கிடக்கற சோறுல பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியா பெருகும், அது விடற நஞ்சு மறுபடி சூடு பண்ணாலும் போகாது. சாப்பிட்டு முடிச்சதும் தட்டையான டப்பால பரப்பி, சீக்கிரம் ஆற விட்டு ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல வெச்சிடுங்க. நாளைக்கு சூடு பண்றப்போ ரெண்டு ஸ்பூன் தண்ணி தெளிச்சுக்கங்க.

மதீனா மகள்:
கூட என்ன வெச்சு சாப்பிடறாங்க? தயிர்ப்பச்சடி செட் ஆகுமா?

கரண்டிக்காரி:
அந்த ஊர்ல வெள்ளை பீன்ஸ் குழைய வேக வெச்சு பக்கத்துலயோ மேலயோ ஊத்திக்குவாங்க, ஒரு சாலட், ஒரு துண்டு பிரெட். மேசைல டபாஸ்கோ பாட்டில் கட்டாயம், 1868லருந்து அதே லூசியானாவோட ஏவரி ஐலண்ட்ல தான் பண்றாங்க. அதுல இருக்கற வினிகர் புளிப்பு கொழுப்ப வெட்டும். தயிர்ப்பச்சடி நான் வெச்சுக்குவேன், ஆனா லஃபயெட் ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி வெச்சுக்க மாட்டேன்.

அடுப்படி அவசரம்:
எங்க பசங்க சோறுன்னாலே ஓடறானுங்க. இதே மாதிரி பாஸ்தால பண்ண முடியுமா?

கரண்டிக்காரி:
பாஸ்தலாயான்னே இருக்கு, அதே சர்ச் வாசல்லயே விப்பாங்க. அரிசி போடற வரைக்கும் எல்லாம் ஒண்ணு தான். அரிசிக்குப் பதிலா ஸ்பகெட்டிய ரெண்டா உடைச்சுப் போட்டு, மூடி வெக்காம அப்பப்ப புரட்டி விட்டு அந்தச் சாறுலயே வேக வைங்க. ஸ்டாக் கொஞ்சம் கூட எடுத்து வெச்சுக்கிட்டு தேவைக்கு ஊத்துங்க, மொத்தமா கவுத்துட்டா சூப் ஆயிடும்.

பிரெஞ்சுக்குவார்ட்டர் பிரபு:
பாஸ்தாவுக்காவது தக்காளி போடுவீங்களா?

கரண்டிக்காரி:
மாட்டேன்.